நான் படிக்காமல் விட்ட சின்ன எழுத்துகள்

எண்பத்து மூன்றாம் வருடம், ஐப்பசி மாதம். ஆரணியில் பட்டு நெசவுக்காரர்கள் குடியிருக்கும் ஒரு தெருவின் முனையில் இருந்த சின்ன ரத்தப் பரிசோதனை லேப்பில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த மாதம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடுவேன். ஏன் நடந்தது என்று கேட்டால்தான் பதில் இல்லை.

எங்கள் ஊர் படவேடு போகும் வழியில் இருக்கிறது. சொந்தமாக நிலம் இல்லாத குடும்பம். அப்பா இறந்த பிறகு அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போய்த்தான் எங்களை வளர்த்தாள். அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்று மாடு மேய்க்கப் போனான். நான் நிற்கவில்லை. பிளஸ் டூ முடித்தேன். வேலூரில் ஒரு வருடம் லேப் படிப்பு படித்துச் சான்றிதழ் வாங்கினேன். எங்கள் வம்சத்தில் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து வாய்விட்டுப் படித்த முதல் ஆள் நான்தான்.

லேப்பில் கொடுத்த வெள்ளைக் கோட்டை வேலை முடிந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். நான் கழற்ற மாட்டேன். அதைப் போட்டுக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் வரைக்கும் வருவேன். துவைக்க எடுத்து வந்தேன் என்று அம்மாவிடம் சொல்வேன். அம்மா நம்பிவிடுவாள். அண்ணன் நம்ப மாட்டான். "கோட்டு வந்துகினு கீது, வழி விடுங்கப்பா!" என்று தெருவில் நின்று கத்துவான். எனக்குக் கோபம் வருவதுபோல் காட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

எங்கள் தெருவில் அச்சடித்த எது வந்தாலும் என்னிடம்தான் வரும். உர மூட்டை, மாத்திரை அட்டை, தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் எல்லாவற்றையும் படித்துச் சொல்வேன். புரியாத இடம் வந்தால் நிறுத்த மாட்டேன். முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் வைத்து ஓர் அர்த்தம் சேர்த்து, குரல் தடுமாறாமல் சொல்லிவிடுவேன். தெரியாது என்று சொன்னதே இல்லை. படித்தவளே தெரியாது என்று சொன்னால், எனக்காக மாடு மேய்க்கப் போனவனுக்கு என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் எங்கள் ஊர் நிலத்துக்காரர் களைக்கு மருந்து வாங்கி வந்தார். வெள்ளைத் தூள். தண்ணீரில் கரைத்து நட்ட வயலில் அடித்தால் களைச் செடி சுருண்டு போகும், நெல் அப்படியே நிற்கும். இருபது பெண்கள் நாலைந்து நாள் குனிந்து எடுக்கிற களையை, முதுகில் ஸ்ப்ரேயர் கட்டிய ஓர் ஆள் முடித்துவிடலாம். அந்த ஆள் என் அண்ணன். அந்தப் பருவத்தில் அம்மாவுக்குக் களை எடுக்கிற வேலை போய்விட்டது. "பெத்தவ வேலைய புடுங்கிக்கினு மெஷின மாட்டிக்கினு நிக்கிறான் பாரு" என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே அவன் தட்டில்தான் முதலில் சோறு வைப்பாள்.

தூள் பொட்டலங்கள் ஒரு பெரிய, தடித்த பிளாஸ்டிக் பைக்குள் வந்திருந்தன. காலியான பையை அண்ணன் கேட்டு வாங்கி வந்துவிட்டான். எங்கள் பக்கத்தில் வயல் வேலைக்குப் போகிறவர்கள் குடை பிடிப்பதில்லை. சாக்கோ பையோ கிடைத்தால் அதன் அடி மூலை ஒன்றை இன்னொரு மூலைக்குள் தள்ளிக் கூம்பாக்கித் தலையில் மாட்டிக்கொள்வார்கள். மீதி முதுகை மூடித் தொங்கும். இரண்டு கையும் வேலைக்கு இருக்கும். தடித்த பிளாஸ்டிக் கிடைத்தால் அது யோகம். ஒன்றிரண்டு பொட்டலம் உடைந்து பையின் உட்புறம் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. அண்ணன் நாலு தரம் உதறிவிட்டுத் தலையில் போட்டுப் பார்த்தான்.

மருந்து அடிக்கத் தொடங்குவதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருப் புங்க மரத்தடியில் அண்ணனும், அவனோடு மருந்து அடிக்கப் போகிற இரண்டு பேரும், இன்னும் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் பொட்டலத்தோடு வந்த தாளை என்னிடம் நீட்டினான். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் இந்தி. தமிழ்த் தாளும் வந்து எங்கேயாவது விழுந்துவிட்டதோ என்னவோ.

"பாப்பா, இன்னா போட்டுக்கீது பாரு. கையாலயே கலக்கலாமா? கடைக்காரரு குச்சி வெச்சி கலக்கச் சொன்னாராம். நெலத்துக்காரரு அதெல்லாம் வாணாங்கிறாரு, ஜல்தியா ஆவணுமாம்."

மேலே பெரிய எழுத்தில் இருந்தது எனக்குப் புரிந்தது. அகன்ற இலைக் களைகளுக்கு உரியது, நெற்பயிருக்குப் பாதிப்பு இல்லை, ஏக்கருக்கு இவ்வளவு. அதற்குக் கீழே எறும்பு வரிசைபோல் சின்ன எழுத்து. நீள நீளமான வார்த்தைகள். ஒன்றிரண்டுதான் பிடிபட்டது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த எறும்பு வரிசையின் மேல் கண்ணை ஓட்டிவிட்டு, முழுவதும் படித்தவள்போல் தலையை ஆட்டினேன்.

"இது இலைக்குத்தான் மருந்து. நெல்லுப் பயிரையே ஒண்ணும் பண்ணாதுன்னு போட்டிருக்கு. மனுஷன இன்னா பண்ணப் போவுது?" என்றேன்.

"அப்டி போடு!" என்று அண்ணன் தொடையில் தட்டினான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதன் பிறகு யார் கேட்டாலும் அதை எடுத்துக் காட்டி, "எங்க பாப்பா படிச்சி சொல்லிட்ச்சி" என்பானாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் அவன் மருந்து அடித்தான். தூளை முழங்கை வரை விட்டுக் கலக்கினான். ஸ்ப்ரேயர் ஒழுகி முதுகு நனைந்தது. தூறல் விழுந்தால் பையை மாட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான். பிறகு ஒருநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பி வந்த பிறகு, அடுத்த பஸ்ஸில் அம்மா அவனை ஆரணிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். அனலாகக் காய்ச்சல். வாய்க்குள் புண். எச்சில் விழுங்க முடியவில்லை.

எங்கள் லேப் இருந்த தெருவின் மறுமுனையில் ஒரு டாக்டரின் கிளினிக் இருந்தது. நாலே நாலு கட்டில். டாக்டர் அவனைப் படுக்க வைத்து ரத்தம் பார்க்கச் சொன்னார். நானே ஊசியோடு போனேன். அந்தக் காய்ச்சலிலும் அண்ணன், "மெதுவா குத்து பாப்பா, மாட்டுக்குப் போடறாப்ல போடாத" என்றான்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள்தான் கிருமியோடு சண்டை போடுகின்றன. அவற்றை எண்ண, ரத்தத்தை அளவுக் குழாயில் வாயால் உறிஞ்சி எடுத்து, ஒரு திரவத்தில் கலந்து, கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். காய்ச்சல்காரர்களுக்குப் பெரும்பாலும் கட்டங்கள் நிறைந்து கிடக்கும். அண்ணனுடைய கட்டங்களில் அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருந்தது. ஒரு மூலைக் கட்டம் ஏறக்குறைய காலி.

நான்தான் திரவத்தை அதிகம் கலந்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி செய்தேன். அதேதான். எங்கள் லேப்பை நடத்தியவரைக் கூப்பிட்டேன். அவர் நெசவுக் குடும்பத்துக்காரர். குனிந்து பார்த்தவர், "இன்னாம்மா இது, பாவு இழை பூட்டாத தறி மாதிரி காலியா கீது?" என்றார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததும்தான் அது யார் ரத்தம் என்று அவருக்கு நினைவு வந்தது. அவரும் ஒருமுறை எண்ணி, என் கணக்குக்குக் கீழே அதே எண்ணை எழுதினார்.

டாக்டர் சீட்டைப் பார்த்ததும் கேள்வி மேல் கேள்வி கேட்டார். மாத்திரை ஏதாவது சாப்பிட்டானா? அண்ணனால் சரியாகப் பேச முடியவில்லை. அம்மா சொன்னாள். முதுகு வலிக்குப் பெட்டிக் கடையில் மாத்திரை வாங்கிக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று போட்டிருக்கிறான். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சில வலி மாத்திரை சிலருக்கு இந்த அணுக்களை ஒரேயடியாகக் குறைத்துவிடும் என்றார் டாக்டர். அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசி போட ஆரம்பித்தார்.

பிறகு, அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, என் பக்கம் திரும்பி, "வேற ஏதாவது உண்டாம்மா? சாயப் பட்டறை, பூச்சி மருந்து, அந்த மாதிரி வேலை ஏதாவது?" என்று கேட்டார்.

"இல்ல சார். வயல் வேலைதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றும் யோசிக்கிறேன். முழுப் பொய் இல்லை. களை மருந்து பூச்சி மருந்து இல்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், பழி மாத்திரையின் மேல் விழுந்ததும் எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அந்த மூச்சை விட மனமில்லை.

மறுநாள் எண்ணினேன். இன்னும் குறைந்திருந்தது. மூன்றாம் நாள் இன்னும். மாத்திரையை நிறுத்திய பிறகும் ஏன் குறைகிறது என்று எனக்குப் புரியவில்லை. நிறுத்திய உடனே ஏறாது, நாளாகும் என்றார் டாக்டர். ஆனால் அவர் முகமும் தெளிவாக இல்லை. "நாளைக்கும் கொறஞ்சா வேலூருக்குக் கொண்டு போயிடணும். இங்க வெச்சிக்கிட்டு நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்" என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ படிச்சவளாச்சே, உனக்கு ஒண்ணும் தெரியலியா?" என்று கேட்டாள். நான் கையை உருவிக்கொண்டு லேப்புக்குத் திரும்பினேன்.

நாலாம் நாள் காலை. அதற்கு முந்தைய நாளைவிடவும் குறைவு. சீட்டைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். காலை வேளையில் அந்தத் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர் செய்வார்கள். அந்தப் பக்கம் போக வேண்டுமானால் பாவுக்கு அடியில் குனிந்து போக வேண்டும். தினமும் போகிற வழிதான். அன்று அவசரத்தில் நான் சரியாகக் குனியவில்லை. கோட்டுப் பொத்தான் மாட்டி இழை அறுந்தது. நான் நிற்காமல் இரண்டடி வைத்துவிட்டேன்.

"யம்மா கோட்டு! நில்லு!" என்று ஒரு குரல். என் வயதுப் பெண், கையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். "அறுத்துட்டு நீ பாட்டுக்கு போனா? இத்தினி எழையில எதுன்னு நான் எங்க போயி தேடறது? எந்த எடம், காட்டிட்டு போ."

திரும்பி வந்தேன். குனிந்து தேடி, அறுந்த இரண்டு முனைகளையும் எடுத்து அவள் விரலில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்தவள், "சரி சரி, அழுவாத. முடிச்சி போட்டுக்கறேன், போ" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் நான் அழுகிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

கிளினிக்குக்குள் போனதும் சீட்டைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "சார், எங்கண்ணன் களைக்கு மருந்து அடிச்சான். வெறுங்கையால கலக்கினான். ஒண்ணும் ஆவாதுன்னு நான்தான் படிச்சி சொன்னேன். ஆனா நான் முழுசா படிக்கல சார். கீழ இருந்தது எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. "அந்த மருந்து பட்ட துணி, பாத்திரம், எதாவது இங்க இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

இல்லை என்று சொல்லப் போய்க் கட்டிலைப் பார்த்தேன். அண்ணன் சட்டை இல்லாமல் வியர்வையில் ஊறிப் படுத்திருந்தான். அவனுக்கு அடியில் போர்வை மாதிரி ஏதோ விரித்து, பழைய புடவையால் பாதி மூடியிருந்தது. அந்த பிளாஸ்டிக் பை. பஸ்ஸுக்கு நடந்து வரும்போது மழைக்குத் தலையில் போட்டு வந்த பை. வியர்வையில் மெத்தை நனைந்தால் கிளினிக்கில் திட்டுவார்கள் என்று அம்மா விரித்திருக்கிறாள். வெளிப்புறம் சேறாக இருந்ததால், பையை அறுத்துப் பிரித்து, உட்புறத்தை மேலாக வைத்து விரித்திருக்கிறாள். தூள் படிந்த உட்புறம். அதன் மேல்தான் நாலு நாளாக அவன் முதுகு கிடந்தது. நான் தினமும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் ரத்தம் எடுத்தேன். பார்த்தும் பார்க்கவில்லை.

டாக்டர் போட்ட சத்தத்தில் கம்பவுண்டர் ஓடி வந்தார். பையை எடுத்து வெளியே போட்டு, அண்ணன் உடம்பைச் சோப்பு போட்டுக் கழுவினோம். அம்மா ஒன்றும் புரியாமல், "சுத்தமா இருக்கட்டும்னுதானே திருப்பி போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆணியில் மாட்டியிருந்த அண்ணன் சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நின்றபடியே படித்தார். நான் எறும்பு வரிசை என்று விட்டுவிட்டதையெல்லாம் படித்தார். கையுறை போட வேண்டும், தோலில் பட்டால் உடனே கழுவ வேண்டும், காலிப் பையை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. எல்லாம் இருந்தது. பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"வெள்ளை அணுவைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லையேம்மா" என்றார்.

"அப்போ இதனால இல்லியா சார்?"

"தெரியாதும்மா" என்றார். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

அவ்வளவு படித்த ஒருவர் என் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னது எனக்கு முதல் தடவை. குரல் இறங்காமல் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த ஊசியை எடுத்தார்.

அண்ணன் படுத்தபடியே ஏதோ முனகினான். குனிந்து கேட்டேன். "சார், அது நல்லாதான் படிச்சிது" என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "நான்தான் சரியா கேக்கல." வாய்ப் புண்ணோடு, ஒவ்வொரு வார்த்தையாக. அந்த நாலு நாளில் அதைவிடப் பெரிய அடி எனக்கு விழவில்லை.

வேலூருக்கு எடுத்துப் போக ஆள் சொல்லிவைத்திருந்தோம். பையை எடுத்தாயிற்று, இன்னும் ஒரே ஒரு நாள் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஐந்தாம் நாள் எண்ணிக்கை குறையவில்லை. ஏறவும் இல்லை. வேலூர்ப் பயணம் தள்ளிப் போனது. எட்டாம் நாள் மூலைக் கட்டத்தில் ஒன்றிரண்டு கூடியிருந்தது. ஆசையில் என் கண்தான் கூட்டிக் காட்டுகிறதோ என்று லேப் நடத்துபவரையும் எண்ணச் சொன்னேன். அவர் எண்ணிவிட்டு, "ஏறுது" என்றார். பதினோராம் நாள் அண்ணன் எழுந்து உட்கார்ந்து, ரசம் சாதம் கேட்டான்.

அவன் வீட்டுக்குப் போகும் நாளன்று டாக்டரிடம் கேட்டேன். "எதனால சார் வந்திச்சி?" அவர் பொறுமையாகச் சொன்னார். மாத்திரையை முதல் நாளே நிறுத்தினோம். பையை நாலாம் நாள் எடுத்தோம். ஊசியும் போட்டுக்கொண்டே இருந்தோம். சில காய்ச்சலே இந்த அணுவைக் குறைக்கும். எது குறைத்தது, எது ஏற்றியது என்று இனிமேல் பிரித்துப் பார்க்க வழியில்லை என்றார். அந்தத் தாளைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். யாரையாவது கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். கேட்டாரா, பதில் வந்ததா, எனக்குத் தெரியவில்லை.

ஊருக்குப் போனதும் அண்ணனோடு மருந்து அடித்த இரண்டு பேரின் வீட்டுக்கும் போனேன். கோட்டைக் கழற்றி லேப்பிலேயே மாட்டிவிட்டுத்தான் போனேன். நான் சரியாகப் படிக்காமல் சொன்னேன், கையால் கலக்காதீர்கள், பையை வீட்டில் வைக்காதீர்கள் என்றேன். ஒருவர் சிரித்தார். "எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே. நாங்களும்தானே கைய வுட்டோம்? இப்ப வந்து இன்னாத்துக்கு பேஜாரு பண்ற?" அதுவும் நிஜம்தான். அவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவர்கள் மாத்திரை சாப்பிடவில்லை. மருந்துப் பையை விரித்து அதன் மேல் நாள் கணக்காகப் படுக்கவும் இல்லை. எனக்கு இன்னும் குழப்பம் கூடியது. இன்னொருவர் எழுந்துபோய்க் கொல்லையில் கொடியிலிருந்த அந்த மாதிரிப் பிளாஸ்டிக் ஒன்றை இழுத்துக் கீழே போட்டார்.

நிலத்துக்காரர் மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். அம்மா அந்த மருந்துதான் என்று அடித்துச் சொன்னாள். பெட்டிக் கடைக்காரர் மழைக் காய்ச்சல் என்றார். கட்டத்தைக் குனிந்து எண்ணிய நானும் லேப் நடத்துபவரும்தான் எதையும் அடித்துச் சொல்லவில்லை.

ஐந்து வருடம் ஓடிவிட்டது. அண்ணன் நன்றாக இருக்கிறான். மருந்தும் அடிக்கிறான், குச்சி வைத்துக் கலக்கி, கையில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு. எங்கள் தெருவில் இன்னும் தாள்கள் என்னிடம்தான் வருகின்றன. இப்போது அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி எழுத்துவரை படிக்கிறேன். பிடிபடாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, இது எனக்குத் தெரியாது என்கிறேன். "இவ்ளோ படிச்சிட்டு தெரியாதுங்கிறியே பாப்பா" என்று அண்ணன் கேலி செய்வான். செய்யட்டும்.

அந்தக் கட்டங்களைக் காலியாக்கியது எது, திரும்ப நிரப்பியது எது என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை புங்க மரத்தடியில் நான் தெரியாது என்று சொல்லியிருந்தால், என் அண்ணன் பேசாமல் ஒரு குச்சியை ஒடித்துக் கலக்கியிருப்பான் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.